ஜன்னல் கட்சி, ஆப்பிள் கட்சி, நடுவில் ஒரு வாழையிலை

எங்கள் மாவட்டத்து போட்டோ, வீடியோக்காரர்களின் வாட்ஸப் குழு போன மாதம் இரண்டாக உடைந்தது. சொத்துத் தகராறோ பதவித் தகராறோ இல்லை. விண்டோஸ் கம்ப்யூட்டர் நல்லதா, மேக் நல்லதா என்று ஒரு தம்பி, யாரோ போட்ட காலை வணக்கப் பூச்செண்டுக்குக் கீழே கேட்டுவிட்டான். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் கறம்பக்குடிக்காரர் ஒருவர், அறந்தாங்கிக்காரர் ஒருவரின் சொந்தக் கல்யாண வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டு, "இதுதான் நீங்க எடிட் பண்ற லட்சணமா?" என்று கேட்டார். சாயங்காலம் இரண்டு குழுக்கள் ஆகிவிட்டன. நான் இரண்டிலும் இருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் என்னை எதிர்க்கட்சி ஒற்றன் என்கிறார்கள்.

இந்த நிலையில்தான் எங்கள் சங்கத்து ஆண்டு மலர் போடுகிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். "வேலண்ணே, நீங்க ரெண்டு மெஷின்லயும் வேல பாத்து ஓய்வானவரு. எது ஒசத்தின்னு ஒரு தீர்ப்பு எழுதிக் குடுத்துருங்க. சண்ட தீந்துரும்."

தீர்ப்பா! நான் ஓய்வு பெற்ற அன்றைக்கே இந்தக் குழப்பமும் என்னோடு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போதும் ஈசிச்சேரில் அதுதான் உட்காருகிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன். ஆனாலும் ஆள் தேடி வந்து கேட்டுவிட்டார்கள். என் வாழ்நாளில் என்னை யாரும் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டதில்லை, வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதற்குக்கூட. அதனால் ஒத்துக்கொண்டேன்.

என் தொழில் படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது சுருக்கமானதுதான். கல்யாண வீடுகளில் லைட்டுக் கட்டையைத் தூக்கிப் பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தேன். அந்த வெளிச்சத்தில் ஒரு மணமகன் மயங்கி விழுந்த பிறகு, "இவன உள்ள ஒக்கார வைங்கப்பா" என்று எடிட்டிங் அறைக்குள் தள்ளினார்கள். இரண்டு வீடியோ டெக்குகளை வைத்து ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவு செய்யும் வேலை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தாமரை விரிந்து அதற்குள்ளிருந்து பொண்ணு மாப்பிள்ளை எழுந்து வருவது, இரண்டு அன்னங்கள் கழுத்தைக் கோத்து இதயம் போடுவது, இதெல்லாம் இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன். மன்னிப்புக் கேட்கச் சொன்னாலும் கேட்கத் தயார்.

ஆள் குறைந்தால் கேமராவும் பிடிப்பேன். அதில் எனக்கென்று ஒரு தனித்திறமை இருந்தது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் மூடியைக் கழற்றிவிடுவேன், ஆனால் நிறுத்த மறந்துவிடுவேன். கேமராவைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடப்பேன், அது என் செருப்பை, தொந்தியை, மண்டபத்துத் தரையை விசுவாசமாகப் பதிவு செய்துகொண்டே வரும். அந்தத் துண்டுகளையெல்லாம் ஆரோக்கியம் சேர்த்து வைத்து, வருஷக் கடைசியில் பாட்டு வைத்து எல்லோருக்கும் போட்டுக் காட்டுவான். என் தொந்திக்கு சோகப் பாட்டு, செருப்புக்கு குத்துப் பாட்டு.

ஆரோக்கியம் என்கிற ஆரோக்கியசாமிதான் எங்கள் ஜன்னல் கட்சித் தலைவன். விண்டோஸ்காரர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. பாகம் பாகமாக வாங்கி அவனே மாட்டிய கம்ப்யூட்டர். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்திருப்பான். உள்ளே இருக்கிற வயர், தூசி, ஒரு பல்லியின் போக்குவரத்து எல்லாம் வெளியில் தெரியும். சூட்டுக்கு ஒரு டேபிள் ஃபேன். முரண்டு பிடித்தால் திருப்புளியை எடுத்துக்கொண்டு அவனே வைத்தியம் பார்ப்பான்.

ஆப்பிள் கட்சி பின்னால் வந்தது. விமலா சென்னையில் வேலை பார்த்துவிட்டு, சொந்த மேக்கைப் பையில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்து எங்கள் ஸ்டூடியோவில் சேர்ந்தாள். முதலாளி உடனே வாசல் போர்டில் "இங்கு மேக்கில் எடிட்டிங் செய்யப்படும்" என்று எழுத வைத்தார். அடுத்த நாளே ஒரு மாப்பிள்ளையின் அண்ணன் வந்து, "மேக்ல போட்டா தம்பிக்கு முன்னுச்சில முடி இருக்கற மாதிரி வருமாங்க?" என்று கேட்டார். விமலா பதில் சொல்வதற்குள் ஆரோக்கியம், "மேக்ல மொட்டையே ஸ்டைலாத் தெரியும்ணே" என்றான்.

இரண்டு பேருக்கும் நடுவில் என் நாற்காலி. சாப்பாட்டு நேரம் வந்தால் ஆரம்பிக்கும்.

"என்னா விமலா, ஒம் பொட்டியத் தொறக்கவே முடியாதாமே? தொறக்க முடியாத பொட்டிக்குப் பேரு எங்கூர்ல உண்டியலு."

"ஒங்க மெஷினு மேலுக்குத் துணி இல்லாம நிக்குது, அதுக்கு ஃபேன் வேற. அதப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுண்ணே."

"கெட்டா நானே சரி பண்ணிருவேன் தாயி. நீ திருச்சிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

"என்னுது கெட்டாத்தான? ஒங்களுது தெனமும்ல கெடுது."

பிறகு இருவரும் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கண்ணே" என்பார்கள். நான் ஊறுகாய் கேட்பேன்.

என் சங்கடம் அவர்களுக்குப் புரியவில்லை. காலையில் அவன் மெஷினில் வேலை, மத்தியானம் அவள் மெஷினில். ஜன்னலை மூடுகிற பொத்தான் அவனுக்கு வலது மூலையில், இவளுக்கு இடது மூலையில். இங்கே அழுத்துகிற விசையை அங்கே அழுத்தினால் வேறு ஏதோ நடக்கும். சக்கரத்தை உருட்டினால் அவனுக்குக் கீழே போகிற படம் இவளுக்கு மேலே போகும். சில மாதத்தில் இரண்டையும் கற்றுக்கொள்வதற்குப் பதிலாக இரண்டையும் மறந்துவிட்டேன். இலை போடும்போது நுனி இடது பக்கமா வலது பக்கமா என்று ஒரு பந்தியில் நின்று யோசித்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதலாளி சிதம்பரம் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கம்ப்யூட்டரை அவர் தொட்டதே கிடையாது. கோயில் வரிசையில் நிற்பவர்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நம் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் குரல் இறங்கும். கோபம் கூடக் கூட இன்னும் இறங்கி, உச்சக் கோபத்தில் உதடு மட்டும் அசையும். நமக்கு ஒன்றும் கேட்காது. "என்னண்ணே?" என்று கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கும். கேட்டால் கோபம் இரட்டிப்பாகும். அந்த அறையில் அதைவிடப் பயங்கரமான வார்த்தை கிடையாது, "என்னண்ணே?"

வேலையில் அவர் வைத்த ஒழுங்கு மட்டும் இரும்பு. கல்யாணம் முடிந்து வந்தால் யாரும் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. கையைக் கழுவிவிட்டு, கேமராவிலிருந்து கார்டுகளை எடுத்து, ஒரு ஹார்டு டிஸ்கில் காப்பி. பிறகு இன்னொரு டிஸ்கில் காப்பி. முடிந்ததும் இரண்டிலும் முதல் துண்டு, நடுத் துண்டு, கடைசித் துண்டு ஆகியவற்றை ஓடவிட்டுக் கண்ணால் பார்க்க வேண்டும். "ரெண்டு எடத்துல இருந்தாத்தான் ஒண்ணு இருக்குன்னு அர்த்தம்" என்பார். வாடிக்கையாளர் ஆல்பத்தையும் படத்தையும் வாங்கி, பார்த்து, சரி என்று சொன்ன பிறகு ஒரு பிரதியை அழித்து அந்த டிஸ்கை அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு பிரதி ஒரு வருஷம் பீரோவில் இருக்கும்.

இந்த ஒழுங்குக்குள்தான் இரண்டு கட்சியும் புகுந்தது, ஒரு பிரதி அவன் டிஸ்கில், இன்னொன்று அவள் டிஸ்கில். ஆரோக்கியத்தின் டிஸ்கை விமலாவின் மேக்கில் செருகினால் படிக்கும், ஆனால் அதில் ஒன்றும் எழுதாது. எங்கள் வீட்டில் அதற்கு நேர்மாறாக ஒரு பையன் இருந்தான், படிக்காமல் பரீட்சை எழுதிவிட்டு வருவான். விமலாவின் டிஸ்கை ஆரோக்கியத்தின் மெஷினில் செருகினால் நிலைமை மோசம். அதற்கு உள்ளே இருப்பது ஒன்றும் புரியாது. புரியவில்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்குமா என்றால் இருக்காது. "இதை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா?" என்று மரியாதையாகக் கேட்கும். ஃபார்மட் என்றால் சிலேட்டை அழிப்பது மாதிரி. விவரம் தெரியாதவர் ஆமாம் என்று அழுத்தினால் ஒரு கல்யாணமே போச்சு.

இரண்டு மெஷினுக்கும் பொதுவான முறை ஒன்று உண்டே, எல்லா டிஸ்கையும் அப்படி மாற்றிவிடலாமே என்று நான் ஒருநாள் சொன்னேன். அவர்கள் இரண்டு பேரும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பக்கம் நின்றார்கள், என்னைத் திட்டுவதற்கு. அதனால் வேறு ஏற்பாடு. ஆப்பிள் டிஸ்குகளில் எல்லாம் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள். அதில் கல்யாண வீட்டு ஊர், பெயர், கீழே பெரிய எழுத்தில் "தொடாதே." சிவப்பு இருந்தால் ஆரோக்கியம் கையால் தொட மாட்டான். சிவப்பு இல்லாவிட்டால் அது அவன் ராஜ்ஜியம்.

இனிமேல் கட்டுமாவடிக் கல்யாணம்.

பொண்ணு பெயர் கனகா. அப்பா காளிமுத்து, கட்டுமாவடிக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். படகு வந்து கூடை இறங்கினால் அவர் குரல்தான் முதலில் கேட்கும் என்று ஊரில் சொன்னார்கள். முதலாளி என்னையும் சேர்த்து மூன்று பேரையும் அனுப்பினார். போவதற்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது. பந்தி எடுப்பதா வேண்டாமா?

நம் பக்கத்துக் கல்யாண வீடியோவில் பந்தி எவ்வளவு முக்கியம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு பந்தியிலும் ஒவ்வொரு இலையையும், இலைக்குப் பின்னால் இருக்கிற ஆளையும் எடுத்தாக வேண்டும். ஒரு சித்தப்பாவை விட்டுவிட்டால் அவர் வீட்டு விசேஷம் நமக்கு இல்லை. விமலா சொன்னாள், "யாருண்ணே மூணு மணி நேரம் ஒக்காந்து அடுத்தவங்க ரசம் குடிக்கறதப் பாப்பா? சின்னப் படமா, அழகா, பாட்டோட குடுப்போம்." ஆரோக்கியம் சொன்னான், "சனங்க காசு குடுத்துப் பாக்குறதே அந்த ரசத்தத்தான்." இது பந்திச் சண்டை என்றுதான் வெளியில் பார்ப்பவர் நினைப்பார்கள். எனக்குத் தெரியும், அடியில் ஓடுவது அதே விண்டோஸ் மேக் சண்டைதான். முதலாளி சமாதானம் செய்தார்: பந்தியை எடுப்போம், படத்தில் சேர்க்க மாட்டோம். சேர்க்கப் போவதில்லை என்றான பிறகு அதை எடுக்க யார் போவார்கள்? என் தலையில் விழுந்தது.

கல்யாணம் நடந்தது. காப்பி இரண்டு நடந்தது. விமலா சின்னதாக, அழகாக, பாட்டோடு படம் செய்தாள். கனகா வீட்டில் வாங்கிப் பார்த்துச் சரி என்றார்கள். முறைப்படி ஆரோக்கியத்தின் பிரதி அழிக்கப்பட்டது, விமலாவின் பிரதி சிவப்புத் தாளோடு பீரோவுக்குப் போனது. அதற்குப் பிறகு ஒரு சண்டை பெரிதாகி, விமலா மேக்கைத் தூக்கிக்கொண்டு திருச்சியில் சொந்தமாகக் கடை போடப் போய்விட்டாள். வாசல் போர்டில் "மேக்கில்" என்பதை மட்டும் முதலாளி வெள்ளையடித்தார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஸ்டூடியோவில் பூஜை வேலையை முதலாளி வேறு யாரிடமும் விட மாட்டார். கேமரா, லைட்டு, டிஸ்கு எல்லாவற்றையும் அவரே ஈரத் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவார். கம்ப்யூட்டரைத் தொடாதவர், அன்றைக்கு மட்டும் எல்லாவற்றையும் தொடுவார். அடுக்கி முடித்து, சூடம் காட்டினார், சுண்டல் கொடுத்தார், எல்லாம் பீரோவுக்குத் திரும்பின. சந்தனம் மணக்க மணக்க.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் கனகாவும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். அவளைப் பார்த்ததும் முதலாளி எழுந்து நின்றார்.

"அப்பா எறந்துட்டாங்கண்ணே. கருமாதி முடிஞ்சிருச்சு. நெஞ்சு வலின்னாரு, அறந்தாங்கி போறதுக்குள்ள…"

முதலாளி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் குடிக்கவில்லை, டம்ளரைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"போட்டோ இருக்கு. நீங்க குடுத்த படத்துலயும் வாராரு. ஆனா வாய் அசையுது, பாட்டு ஓடுது. ஊரே கேட்ட கொரலுண்ணே. எங்க யாருகிட்டயும் இல்ல. பட்டன் போன்தான் வச்சிருந்தாரு, ஒரு வாய்ஸ் மெசேஜு கெடையாது. அந்தப் பாட்ட எடுத்துட்டு, அவரு பேசுற மாதிரி ஒரு எடம் இருந்தாப் போதும். ஒரே ஒரு எடம்."

"இருக்கும்மா. பழைய பதிவு பீரோவுல பத்திரமா இருக்கு" என்றார் முதலாளி. அந்த நிமிஷம் வரைக்கும் எங்கள் ஒழுங்கைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை.

நான் போய் பீரோவைத் திறந்தேன். எல்லா டிஸ்கும் ஒரே மாதிரி, மங்களகரமாக உட்கார்ந்திருந்தன. சந்தனம், நடுவில் குங்குமம். ஒன்றில்கூடச் சிவப்புத் தாள் இல்லை. இரண்டு முறை பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை.

"அண்ணே, செவப்பு ஒட்டு எங்கண்ணே?"

"அதுவா? 'தொடாதே'ன்னு எழுதி சரஸ்வதி முன்னால வைக்கலாமாப்பா? அபசகுனமா இருந்துச்சு. எல்லாத்தையும் பிச்சுப்புட்டேன்" என்றார் முதலாளி.

எடிட்டிங் அறையில் ஆரோக்கியம் ஒரு காதுகுத்து வீடியோவில் வேலை செய்துகொண்டிருந்தான். விமலாவுக்குப் போன் போட்டேன்.

"கட்டுமாவடியா? அது அந்த நீலக் கலர் டிஸ்குண்ணே. ஒரு ஓரம் நசுங்கியிருக்கும், நாந்தான் படியில போட்டேன். அதுதான்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஆரோக்கியம் காதுகுத்தை நிறுத்திவிட்டு, தன் மேசையைப் பார்த்தான். டேபிள் ஃபேன் காற்றில், வயர் செருகிய நிலையில், ஓரம் நசுங்கிய நீல டிஸ்க் இருந்தது. மேலே குங்குமம்.

"காலி டிஸ்குன்னு நெனச்சேண்ணே" என்றான். "ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு. செவப்பு இல்லையேன்னு ஆமான்னுட்டேன். இந்தக் காதுகுத்த அதுலதான் ஏத்திருக்கேன்."

முதலாளியின் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஆரோக்கியம் கேட்டே விட்டான், "என்னண்ணே?"

"ஒன்னச் சொல்லலடா" என்றார் அவர், இந்த முறை கேட்கிற மாதிரி. "ஒட்டப் பிச்சது நானு."

போனில் விமலா கத்தினாள்: "எல்லாரும் பேசறத நிறுத்துங்க! மொதல்ல அந்த வயரப் புடுங்குங்க. இனிமே அதுல ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது. நான் பஸ் ஏறிட்டேன்னு வச்சுக்கங்க."

வாசலில் கனகா உட்கார்ந்திருந்தாள். அவளிடம் என்ன சொல்வது? முதலாளியே போய்ச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. அழிந்துவிட்டது, மீட்க முடியுமா என்று பார்க்கிறோம், முடியாமலும் போகலாம் என்றார். அவள் கோபப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். "அப்ப, இருந்து பாத்துட்டே போறோம்ணே" என்று மட்டும் சொன்னாள். அதைவிட அவள் கத்தியிருக்கலாம்.

விமலா மேக்கோடு வந்து இறங்கினாள். எங்களுக்கு நிலைமையை விளக்கினாள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது உடனே அழிவதில்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற விவரம் மட்டும் போகும். வீடுகள் இருக்கும். ஆனால் புதிதாக ஆள் குடிவந்த வீட்டில் பழைய ஆள் கிடையாது. அதாவது, காதுகுத்து போய் உட்கார்ந்த இடமெல்லாம் கல்யாணம் காலி. மிச்சத்தைத் தோண்டி எடுக்க ஒரு மென்பொருள் வேண்டும். அது தன் மேக்கில் இருக்கிறது என்றாள். ஆரோக்கியம், தன் மெஷினில் அதைவிட நல்லது இருக்கிறது என்றான்.

ஆண்டவனே, அந்த நேரத்திலும் ஆரம்பித்தார்கள்!

"ஒங்க மெஷின்தான அழிச்சுச்சு? அதுகிட்டயே திருப்பிக் குடுக்கணுமா?"

"ஒம் மெஷினு யாருக்கும் புரியாத மாதிரி எழுதி வச்சதாலதான் அழிஞ்சுச்சு!"

நான் என் பணிக்காலத்தில் முதலும் கடைசியுமாகக் குரலை உயர்த்தினேன். "வாசல்ல ஒரு பொண்ணு ஒக்காந்துருக்கு!" என்றேன். இருவரும் அடங்கினார்கள். பிறகு இரண்டு மெஷினிலும் மாறி மாறிப் போட்டார்கள். அவளுடையது டிஸ்கைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றது. அவளே சத்தமில்லாமல் வயரைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். அவன் மெஷின், அழித்த அதே மெஷின், மெதுவாகத் தோண்ட ஆரம்பித்தது. ஆனால் வெளியே எடுத்துப் போட்ட துண்டுகளை அவனால் ஓட்ட முடியவில்லை. தலையும் வாலும் இல்லாதவற்றை ஒட்டுப்போட்டு ஓடவைத்தது அவள் மேக். ஆக, யார் காப்பாற்றியது? எழுதும்போதே எனக்குத் தலை சுற்றுகிறது. அன்றைக்கும் சுற்றியது. மலர்க்குழுப் பிள்ளைகளே, நீங்கள் கேட்ட தீர்ப்பை நான் தேடாமல் இல்லை. அந்த ஒரு நாளை மட்டும் வைத்து இரண்டு கட்சிக்கும் நானே வாதாடி, இரண்டு பேரையும் நானே தோற்கடித்திருக்கிறேன்.

துண்டுகள் வந்தன. பெயர் கிடையாது, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தோம். மேடையெல்லாம் போயிருந்தது. தாலி கட்டும் இடத்தில் பச்சைக் கட்டம் கட்டமாக இறைந்து கிடந்தது. பொண்ணழைப்பு, பாதி முகம். காளிமுத்து மாப்பிள்ளைக்கு மாலை போடுகிற இடம் வந்தது. எல்லோரும் குனிந்தோம். காதுகுத்துப் பிள்ளையின் அழுகை கேட்டது.

பிறகு பந்தி வந்தது. நான் பிடித்த இரண்டாவது கேமராவின் கார்டு கடைசியாகக் காப்பி ஆனதால் காதுகுத்து அதுவரை எட்டவில்லை. இலை, ஆள், இலை, ஆள். நான் எடுத்த அத்தனை ரசமும் முழுசாக இருந்தது. காளிமுத்தைக் காணோம். பந்தியில் அவர் உட்காரவே இல்லை. பொண்ணைப் பெற்றவர் எப்படி உட்காருவார்?

கடைசித் துண்டைத் திறந்தாள் விமலா. திரை முழுக்க ஒரு வாழையிலை. அவ்வளவுதான், அசையாமல். ஒரு ஓரத்தில் பாயச டம்ளர்.

"அண்ணே, இது ஒங்க வேலைதான்" என்றான் ஆரோக்கியம். ஆமாம். நிறுத்த மறந்து, கேமராவை மேசை மேல் வைத்திருக்கிறேன். அவன் அடுத்ததுக்குப் போகக் கையை நீட்டினான். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. ஸ்பீக்கர் அதிர்ந்தது.

"யோவ் வீடியோக்காரரே! அம்புட்டுப் பேரு எலயையும் புடிச்சீரே, ஒம்ம எல எங்க? ஒக்காருமய்யா! ஏய், இங்கிட்டு சோறு கொண்டாங்கப்பா! வட தீந்துருச்சா? இந்தா இருக்குல்ல ஒண்ணு. கடைசி வட, நல்ல வட, இப்ப எறங்குன வட! வட ஒரு தரம்… வட ரெண்டு தரம்… கேக்க ஆளில்ல. வீடியோக்காரருக்கே தட்டியாச்சு!"

இலையில் ஒரு வடை வந்து விழுந்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ சிரிப்பது கேட்டது. நான்தான். எனக்கு அந்த வடை நன்றாக ஞாபகம் இருந்தது, பேச்சு துளியும் ஞாபகமில்லை. வீட்டில் என்னைத் தின்னிப்பண்டாரம் என்பது சரிதான்.

பேச்சு தொடர்ந்தது. விமலா ஓடிப்போய் கனகாவைக் கூப்பிட்டாள். வேண்டாம், தன் போனிலேயே கொடுங்கள், வெளியில் வைத்துக் கேட்டுக்கொள்கிறேன் என்றாள் அவள். போனுக்கு எந்த முறையில் மாற்றுவது என்று இருவரும் வாயைத் திறந்தார்கள், பிறகு என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். ஏதோ ஒன்றில் மாற்றினார்கள்.

வாசல் படியில் நின்று அவள் ஓடவிட்டாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளவே காணோமே, வெறும் எலதான இருக்கு?" என்றார். அவளும் கொஞ்ச நேரம் இலையைப் பார்த்தாள். பிறகு போனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டாள், யாரோ கூப்பிட்ட மாதிரி.

காளிமுத்தின் குரல் காதில் அடங்குகிற குரலா? எங்களுக்கும் கேட்டது. வடை ஒரு தரம், வடை ரெண்டு தரம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டாள். பிறகு அந்தக் குரல் கொஞ்சம் தணிந்தது.

"ஏம்ப்பா, யாராச்சும் கனகாவுக்குச் சோறு குடுத்தீங்களா? காலைலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. புது எடத்து ஆளுக முன்னால பசிக்கிதுன்னு வாயத் தொறக்காது அது." அடுத்து, மண்டபத்தின் அந்தக் கோடியில் இருந்த மேடைக்குக் கேட்கும்படி, கடற்கரைக் குரலில்: "ஏ கனகா! சாப்புட்டியா?"

அன்றைக்கு மேளச் சத்தத்தில் அவளுக்கு அது கேட்டிருக்காது.

"சாப்ட்டேம்ப்பா" என்றாள் அவள், போனுக்குள்.

எனக்குப் பின்னால் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஆரோக்கியம் என்னைப் பார்த்தான், நான் விமலாவைப் பார்த்தேன். என்னண்ணே என்று யாரும் கேட்கவில்லை.